கரெஸ்பாண்டன்ஸ் செஸ்ஸில் முதல் டிரா: பதிவு செய்வது முதல் அரைப் புள்ளி ஏறும் வரை

ஒரு நகர்வுக்கு நாட்கணக்கில் யோசித்து ஆடும் கரெஸ்பாண்டன்ஸ் செஸ்ஸுக்குள் புதிதாக வருபவர்களுக்குத் தமிழில் வழி சொல்ல ஆளே கிடைக்கவில்லை. விதிகளை ஒரு பக்கத்தில் தேடி, கட்டண விவரத்தை இன்னொரு பக்கத்தில் தேடி, ஓப்பனிங்கை, அதாவது ஆட்டத்தின் தொடக்க நகர்வுகளை, எங்கெங்கோ பொறுக்கித்தான் நான் கற்றுக்கொண்டேன். நீங்கள் அப்படி அலைய வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். காய்கள் எப்படி நகரும், காஸ்லிங் என்றால் என்ன என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இன்ஜின், அதாவது நல்ல நகர்வைக் கணக்கிட்டுச் சொல்லும் கணினி நிரல், துணையோடு ஆடும் உயர்மட்டக் கரெஸ்பாண்டன்ஸில் பெரும்பாலான ஆட்டங்கள் டிராவில்தான் முடிகின்றன. அதனால் டிரா என்பது ஏமாற்றம் இல்லை. உங்களைவிட பலமான ஒருவரிடம் கருப்புக் காயில் அரைப் புள்ளி எடுத்தால் அது உழைத்துச் சம்பாதித்த புள்ளி. அதை எடுக்கும் வழி ஓப்பனிங்கில் தொடங்குகிறது. ஆகவே இந்தக் கட்டுரையில் ஓப்பனிங் பகுதிதான் நீளம்.

1. எங்கே ஆடப்போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

இடத்துக்கு இடம் விதி நேர் எதிராக இருக்கும். இதைக் கவனிக்காமல் கணக்கு முடக்கப்பட்டவர்கள் உண்டு.

லிசெஸ்: முழுக்க இலவசமான இணையதளம். ஒரு நகர்வுக்கு 1 நாள் முதல் 14 நாள் வரை தேர்ந்தெடுக்கலாம். கரெஸ்பாண்டன்ஸ் ஆட்டத்தில் ஓப்பனிங் புத்தகமும், பழைய ஆட்டங்களில் எந்த நகர்வு எப்படி முடிந்தது என்று காட்டும் ஓப்பனிங் எக்ஸ்ப்ளோரரும் பார்க்கலாம். இன்ஜினைத் தொடவே கூடாது.

செஸ்.காம்: இங்கே இதற்கு 'டெய்லி' என்று பெயர். புத்தகம், ஓப்பனிங் எக்ஸ்ப்ளோரர் இரண்டுக்கும் அனுமதி உண்டு. இன்ஜினும், சில காய்களே மிஞ்சிய நிலைகளின் முடிவை முன்பே கணக்கிட்டு வைத்திருக்கும் எண்ட்கேம் டேபிள்பேஸும் கூடாது.

ஐசிசிஎஃப்: சர்வதேசக் கரெஸ்பாண்டன்ஸ் செஸ் கூட்டமைப்பு. கரெஸ்பாண்டன்ஸில் உலக சாம்பியன்ஷிப் நடத்துவதும் கிராண்ட்மாஸ்டர் பட்டம் தருவதும் இவர்கள்தான். இங்கே இன்ஜின், டேட்டாபேஸ் (பழைய ஆட்டங்களின் தொகுப்பு), டேபிள்பேஸ் எதை வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். எதிராளியும் பயன்படுத்துவார் என்று நினைத்துக்கொண்டுதான் ஆட வேண்டும்.

இரண்டு விதமான இடங்களிலும் ஒரே சமயத்தில் ஆடுவதானால் எச்சரிக்கை தேவை. ஐசிசிஎஃப் ஆட்டத்துக்காக இன்ஜினில் ஒரு நிலையை ஓடவிட்டிருக்கும்போது, அதே நிலை உங்கள் லிசெஸ் ஆட்டத்திலும் வந்துவிடலாம். அதனால் இரண்டிலும் ஒரே ஓப்பனிங்கை ஆடாதீர்கள். முதல் சில மாதங்கள் லிசெஸில் மட்டும் ஆடிப் பழகிவிட்டு, பிறகு ஐசிசிஎஃப்புக்கு மாறுவதுதான் என் யோசனை. கீழே வருவது பெரும்பாலும் ஐசிசிஎஃப் பற்றி. சிக்கல் எல்லாம் அங்கேதான்.

2. பதிவும் பணமும்

ஐசிசிஎஃப் தளத்தில் கணக்குத் தொடங்கக் காசு கிடையாது. பெயர், பிறந்த தேதி, நாடு, மின்னஞ்சல் கேட்பார்கள். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயரை எழுதுங்கள். தமிழ்நாட்டில் நமக்கு இனிஷியல்தான் வழக்கம் என்பதால், ஓரிடத்தில் அப்பா பெயர் முன்னால் வரும், இன்னோரிடத்தில் பின்னால் வரும். பின்னாளில் பட்டம், ரேட்டிங் எல்லாம் இந்தப் பெயரில்தான் ஏறும். ஃபிடே (உலகச் செஸ் கூட்டமைப்பு) எண் இருந்தால் அதையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு இடத்திலும் பெயர் ஒன்றாக இருப்பது நல்லது.

போட்டியில் சேர இரண்டு வழி. ஒன்று, உங்கள் நாட்டுக் கூட்டமைப்பு மூலமாக. இந்தியாவுக்கு அகில இந்தியக் கரெஸ்பாண்டன்ஸ் செஸ் கூட்டமைப்பு இருக்கிறது. மற்றொன்று, தளத்திலேயே முன்பணம் கட்டி நேரடியாகச் சேர்வது. போட்டிக் கட்டணம் அவ்வப்போது மாறும். நண்பர் சொன்ன பழைய தொகையை நம்பாமல், சேரும் அன்று தளத்தில் இருக்கும் கட்டணப் பட்டியலைப் பாருங்கள்.

பணம் கட்டும்போது பலர் மாட்டும் இடம் வங்கி அட்டை. நம்மூர் டெபிட், கிரெடிட் அட்டைகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை பெரும்பாலும் அணைக்கப்பட்டே இருக்கும். வங்கிச் செயலியில் அதை இயக்கி, உச்ச வரம்பைச் சிறிதாக வைத்துக் கட்டிவிட்டு, உடனே மறுபடி அணைத்துவிடுங்கள். வங்கி நாணய மாற்றுக் கட்டணமும் அதன்மேல் வரியும் போடும் என்பதால், பட்டியலில் கண்டதைவிடச் சற்று அதிகமாகவே கணக்கிலிருந்து போகும். ஒவ்வொரு போட்டிக்கும் தனித்தனியாகக் கட்டாமல் இரண்டு மூன்று போட்டிக்குச் சேர்த்து முன்பணம் போடுவது வசதி.

மென்பொருளுக்கு ஒரு ரூபாய்கூடச் செலவழிக்க வேண்டாம். ஸ்டாக்ஃபிஷ் இன்ஜின் இலவசம். ஆட்டங்களைச் சேமிக்கவும் அலசவும் ஸ்கிட் வெர்சஸ் பிசி இலவசம். வாராவாரம் புதிய ஆட்டங்களை 'தி வீக் இன் செஸ்' இலவசமாகத் தருகிறது. விலையுயர்ந்த டேட்டாபேஸ் வாங்கச் சொல்லி யாராவது வற்புறுத்தினால், ஒரு போட்டி முழுக்க ஆடி முடித்த பிறகு யோசித்துக்கொள்ளலாம்.

டேபிள்பேஸ் பற்றி ஒரு வார்த்தை. சிஸிஜி என்ற டேபிள்பேஸில், பலகையில் 5 காய் வரை உள்ள நிலைகளுக்கான கோப்புகள் 1 ஜிபிக்குள் அடங்கும். 6 காய்க்கு ஏறக்குறைய 150 ஜிபி வேண்டும். 7 காய்க்கு 17 டெராபைட் அளவில் போகும். அதை வீட்டில் வைக்க நினைக்காதீர்கள். இணையத்திலேயே நிலையைப் பதிந்து இலவசமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

3. எண் குறியீட்டைப் பழகுங்கள்

ஐசிசிஎஃப்புக்கென்று எண்களால் ஆன ஒரு குறியீடு உண்டு. மொழி தெரியாதவர்களும் தவறில்லாமல் நகர்வை அனுப்ப உருவானது. வெள்ளையின் இடக்கையிலிருந்து வலக்கைக்கு நெடுவரிசைகள் 1 முதல் 8. வெள்ளையின் பக்கத்திலிருந்து மேலே போகும் படுக்கை வரிசைகளும் 1 முதல் 8. கிளம்பும் கட்டம், சேரும் கட்டம் இரண்டையும் சேர்த்தால் நான்கு எண். ராஜாவுக்கு முன்னால் நிற்கும் சிப்பாய் இரண்டு கட்டம் ஏறினால் 5254. வெள்ளை ராஜா யானைப் பக்கம் சிறிய காஸ்லிங் செய்தால் 5171. யானையின் நகர்வை எழுத வேண்டியதில்லை. சிப்பாய் கடைசி வரிசைக்குப் போய் மாறும்போது ஐந்தாவதாக ஓர் எண் வரும்: ராணி 1, யானை 2, பிஷப் 3, குதிரை 4.

சர்வரில் பலகையைச் சொடுக்கியே ஆடலாம் என்றாலும், உறுதி செய்வதற்கு முன் குறியீட்டை ஒருமுறை படியுங்கள். அனுப்பிய நகர்வு விதிப்படி செல்லுமென்றால் அதைத் திரும்பப் பெற முடியாது. கை தவறி அருகிலிருந்த கட்டத்தில் விட்டாலும், வேறொரு ஆட்டத்துக்கு எழுதிவைத்ததை இங்கே போட்டாலும், போட்டது போட்டதுதான். மாதக்கணக்கில் காத்த நிலை ஒரு சொடுக்கில் போய்விடும்.

4. நாட்கணக்கு

சர்வர் போட்டிகளில் நெடுங்காலமாக இருந்துவரும் கணக்கு, 10 நகர்வுக்கு 50 நாள். மிச்சமான நாள் அடுத்த பத்துக்குச் சேரும். 40 நகர்வு ஆடினால் ஆளுக்கு 200 நாள், இருவருக்கும் சேர்த்து 400 நாள் வரை போகலாம். ஒரு சுற்று ஒரு வருடத்தைத் தாண்டும் என்று எதிர்பார்த்தே சேருங்கள். ஒரே நகர்வுக்கு 20 நாளுக்கு மேல் எடுத்தால், மேற்கொண்டு எடுத்த நாட்கள் இரட்டிப்பாகக் கழியும் என்பது இந்தக் கணக்கின் பொறி. 30 நாள் யோசித்தால் 40 நாள் போய்விடும்.

புதிய போட்டிகள் சிலவற்றில் டிரிபிள் பிளாக் என்ற வேறு கணக்கு இருக்கிறது. அது முற்றிலும் தனி. போட்டி தொடங்கும்போது வரும் கடிதத்தில் உங்கள் போட்டிக்கு எது, விடுப்பு உண்டா, எத்தனை நாள் என்று இருக்கும். அந்தக் கடிதத்தை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பிரிவில் உங்களுக்குப் பல ஆட்டங்கள் ஒரே நாளில் தொடங்கும். முதல் வாரத்தில் எல்லா எதிராளிகளும் மளமளவென்று ஆடுவார்கள். அந்த வேகத்தில் நீங்களும் ஓடாதீர்கள். முதல் பத்து நகர்வில் சேமிக்கும் நாட்கள் உதவும் என்பது உண்மைதான். ஆனால் எந்த ஓப்பனிங்குக்குள் போகிறோம் என்று தெரியாமல் சேமித்த நாளால் பயனில்லை.

5. ஓப்பனிங்: அரைப் புள்ளி இங்கேதான் முடிவாகிறது

கருப்புக்கு எதைத் தேர்ந்தெடுப்பது? கிங்ஸ் இந்தியன் போல நேரடி ஆட்டத்தில் சுவாரசியமானவற்றை, இன்ஜின் அனுமதி உள்ள இடத்தில் தொடக்கத்திலேயே எடுக்காதீர்கள். எதிராளிக்கும் யோசிக்க நாட்கள் இருக்கின்றன, இன்ஜினும் இருக்கிறது. ஓட்டை இருந்தால் கண்டுபிடித்துவிடுவார். வெள்ளை 5254 ஆடினால் நான் பரிந்துரைப்பது ரூய் லோபஸ் என்ற ஓப்பனிங்கில் பெர்லின் தற்காப்பு.

1. 5254 5755
2. 7163 2836
3. 6125 7866

மூன்றாவது நகர்வில் கருப்பு தன் ராஜா பக்கக் குதிரையை வெளியே எடுப்பதுதான் பெர்லின். வெள்ளையின் வழக்கமான பதில் காஸ்லிங். கருப்பு நடுச் சிப்பாயை வெட்டும்: 4. 5171 6654. இங்கிருந்து மூன்று பாதையைத் தெரிந்துவைத்தால் போதும்.

முதல் பாதை, இருவருக்கும் டிரா போதும் என்றால் போவது. பலகையை எடுத்து வைத்து ஆடிப் பாருங்கள்:

5. 4244 5446
6. 4455 4625
7. 1214 2544
8. 6344 4745
9. 5546 3644
10. 4144 4846
11. 4454 4656
12. 5444 5646
13. 4454 4656
14. 5444 5646, டிரா.

ஏழாவது நகர்வில் வெள்ளை பிஷப்பை இழந்து நிற்பது போலத் தெரியும். 1214 என்ற ஓரச் சிப்பாய் நகர்வு குதிரையை விரட்டுவதால் காய் திரும்பக் கிடைத்துவிடுகிறது. ஒன்பதாவதில் 5546 என்பது, இரண்டு கட்டம் ஏறிப் பக்கத்தில் வந்த சிப்பாயை வெட்டும் அந்த விசேஷ வெட்டு (ஆன் பசான்). பதினொன்றில் வெள்ளை ராணி செக் சொல்கிறது. கருப்பு ராணி இடையில் வந்து மறிக்கிறது. வெள்ளை அங்கே ராணிகளை மாற்றிக்கொண்டால் கருப்பிடம் இரண்டு பிஷப்பும் மிஞ்சும். வெள்ளையிடம் ஒரு பிஷப்பும் ஒரு குதிரையும்தான். அதனால்தான் வெள்ளை பின்வாங்கி மறுபடி செக் சொல்கிறது. கிராண்ட்மாஸ்டர்கள் நேரடிப் போட்டியில் விரைவாக டிரா செய்ய விரும்பும்போது இதே நகர்வுகளை எத்தனையோ முறை ஆடியிருக்கிறார்கள்.

இதில் ஒரு நுணுக்கம். மூன்று முறை வர வேண்டியது ஒரே நிலை. ஒரே செக் அல்ல. 10-ஆம் நகர்வுக்குப் பின், 12-க்குப் பின், 14-க்குப் பின் என்று கருப்பு ராணி 46-இல் நிற்க, வெள்ளை ஆட வேண்டிய அதே நிலை மூன்று முறை வருகிறது. செக்கை எண்ணினால் இரண்டுதான். யார் ஆட வேண்டும், காஸ்லிங் உரிமை எப்படி இருக்கிறது என்பதும் மூன்று தடவையும் ஒன்றாக இருக்க வேண்டும்.

இரண்டாம் பாதை, வெள்ளை டிராவுக்கு இசையாதபோது. ஆறாவதில் குதிரையை வெட்டும்:

6. 2536 4736
7. 4455 4665
8. 4148 5848

ராணிகள் போய்விட்டன. கருப்பு ராஜா 48-இல் நிற்கிறது, இனி காஸ்லிங் கிடையாது. 2000-இல் லண்டனில் காஸ்பரோவுக்கு எதிரான உலகப் பட்டப் போட்டியில் கிராம்னிக் பெர்லினை நான்கு ஆட்டங்களில் ஆடினார். நான்கும் டிரா. சென்னையில் 2013-இல் நடந்த பட்டப் போட்டியின் நான்காம் ஆட்டத்தில் ஆனந்த் வெள்ளை, கார்ல்சன் கருப்பு. இதே நிலையிலிருந்து கார்ல்சன் ஒரு சிப்பாயை வெட்டிக்கொண்டபோதும், ஆனந்த் 64 நகர்வு வரை நின்று டிரா செய்தார். கரெஸ்பாண்டன்ஸ் ஆட விரும்புகிறவர்கள் அந்த ஆட்டத்தை ஒரு மாலை நேரம் ஒதுக்கிப் பாருங்கள். இந்த நிலையில் இரு பக்கமும் என்ன தேடுகிறார்கள் என்று புரியும்.

ஒன்றை மட்டும் மனத்தில் நிறுத்துங்கள். வெள்ளைக்கு ராஜா பக்கம் 4 சிப்பாய், கருப்புக்கு அங்கே 3. கருப்பின் கூடுதல் சிப்பாய் மறுபக்கம் இருந்தாலும் அங்கே இரண்டு ஒரே நெடுவரிசையில் சிக்கி நிற்கின்றன. எல்லாக் காய்களையும் மாற்றி வெறும் சிப்பாய் ஆட்டமாக்கினால் பொதுவாக வெள்ளை ஜெயிக்கும். டிரா வேண்டும் என்பதற்காகக் கண்ணில் பட்ட காயையெல்லாம் மாற்றுவது இங்கே தற்கொலை. உங்களிடம் இருக்கும் இரண்டு பிஷப்புகள்தான் ஈடு, அவற்றைக் காப்பாற்றுங்கள்.

மூன்றாம் பாதையில் வெள்ளை ஐந்தாவதில் யானையை நகர்த்தும்: 5. 6151 5446 6. 6355 6857 7. 2561 3655 8. 5155 5878. நடு நெடுவரிசை திறந்திருக்கும், இரு பக்கச் சிப்பாய்களும் கண்ணாடிப் பிம்பம் போல அமையும். யானைகள் அந்த நெடுவரிசையில் மாறிப்போகும். ஆபத்து குறைவு, வேலையும் குறைவு.

வெள்ளையாக ஆடும்போது இவ்வளவு கவலை வேண்டாம். உங்களுக்குப் பிடித்ததை ஆடுங்கள். ஆனால் டேட்டாபேஸில் ஒரு நகர்வுக்கு 60 சதவீத வெற்றி என்று கண்டால் உடனே நம்பிவிடாதீர்கள். நேரடி ஆட்டங்களையும் கரெஸ்பாண்டன்ஸ் ஆட்டங்களையும் பிரித்துப் பாருங்கள். கரெஸ்பாண்டன்ஸ் ஆட்டங்களில் அதே நகர்வு டிராவாகவே முடிந்திருந்தால், பதில் ஏற்கெனவே கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது என்று பொருள்.

6. நடு ஆட்டத்தில் இன்ஜினைப் படிப்பது

யாருக்கு எவ்வளவு சாதகம் என்பதை இன்ஜின் ஓர் எண்ணாகக் காட்டும்; 0.00 என்றால் சமநிலை. திரையில் 0.00 என்று வந்தால் டிரா என்று பலர் எழுந்து போய்விடுகிறார்கள். அந்தச் சுழியத்துக்குப் பின்னால் ஒரே ஒரு நகர்வு மட்டுமே காப்பாற்றும் நிலையும் இருக்கலாம். இன்ஜினை மூன்று நான்கு நகர்வுகளைச் சேர்த்துக் காட்டும்படி வையுங்கள். முதல் நகர்வு 0.00, இரண்டாவது 1.50 பாதகம் என்றால் நீங்கள் கயிற்றின்மேல் நடக்கிறீர்கள். முதல் நான்கும் 0.00 என்றால் நிம்மதி.

நேர் எதிரானதும் நடக்கும். எதிராளிக்கு 1.50 சாதகம் என்று இன்ஜின் சொல்லிக்கொண்டே இருக்கும், ஆனால் கோட்டை போல அடைத்துவிட்ட நிலையில் அவரால் உள்ளே நுழையவே முடியாது. எதிரெதிர் நிற பிஷப் உள்ள இறுதியாட்டங்களில் இது அடிக்கடி வரும். சந்தேகம் வந்தால் அந்த நிலையிலிருந்து இருபது நகர்வு முன்னால் போய், அங்கே இன்ஜினை ஓடவிட்டுப் பாருங்கள். எண் ஏறாமல் அப்படியே நின்றால் கோட்டை தாங்குகிறது.

ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு கோப்பு வைத்துக்கொள்ளுங்கள். தேதி, ஆடிய நகர்வு, ஆடாமல் விட்ட நகர்வு, ஏன் விட்டோம். மூன்று வாரம் கழித்து எதிராளியின் பதில் வரும்போது, அன்று நினைத்தது எதுவும் நினைவில் இருக்காது.

7. டிரா கேட்பதும் கோருவதும்

இரண்டும் வேறு. கேட்பது என்றால், நகர்வோடு சேர்த்து டிரா அழைப்பை அனுப்புவது. அவர் ஏற்கலாம், அல்லது பதில் நகர்வு ஆடி மறுக்கலாம். மறுத்த பிறகு நகர்வுக்கு நகர்வு கேட்காதீர்கள். அது தொந்தரவாகவே கருதப்படும். நிலை உண்மையிலேயே மாறிய பின் கேளுங்கள். அழைப்போடு ஒரு வரி மரியாதையாக எழுதுவது இந்த வட்டாரத்தில் நல்ல பழக்கம். ஐசிசிஎஃப்பின் முழக்கமே 'நாம் நண்பர்கள்' என்பதுதான்.

கோருவது என்றால் எதிராளியின் சம்மதம் தேவையில்லை. மூன்று முறை ஒரே நிலை, 50 நகர்வு விதி (வெட்டோ சிப்பாய் நகர்வோ இல்லாமல் இருவரும் 50 நகர்வு ஆடுவது), டேபிள்பேஸ் டிரா ஆகியவை இதில் வரும். மேலே பார்த்த ஆட்டத்தில் கருப்பு 14-ஆம் நகர்வை அனுப்பும்போதே கோரலாம்; அது வந்து சேர்ந்த பின் வெள்ளையும் கோரலாம். கோரிக்கையில் எந்தெந்த நகர்வுக்குப் பின் நிலை ஒன்றாக வந்தது என்று எண்களோடு எழுதுங்கள். போட்டி இயக்குநருக்கு வேலை சுலபமாகும். செஸ்.காமில் மூன்றாம் முறை தானாகவே டிரா ஆகிவிடும். லிசெஸில் நீங்கள்தான் பொத்தானை அழுத்த வேண்டும். ஐந்து முறை வந்தால்தான் தானாக முடியும்.

பலரும் அறியாத பொறி ஒன்று. ஐசிசிஎஃப்பில் 7 காய்கள் வரை மிஞ்சிய நிலையில் டேபிள்பேஸைக் காட்டி முடிவைக் கோரலாம். டேபிள்பேஸ் வெற்றி என்றால் அதற்கு 50 நகர்வுக்கு மேல் ஆனாலும் வெற்றிதான். பலகையில் நேருக்கு நேர் ஆடினால் 50 நகர்வு விதி உங்களைக் காப்பாற்றியிருக்கும் நிலை, இங்கே தோல்வி. இரண்டு குதிரைகளுக்கு எதிராக ஒரு சிப்பாய் உள்ள நிலைகளில் இப்படிப்பட்டவை உண்டு. ஆகவே 8 காயிலிருந்து 7 காய்க்கு இறங்கும் எந்த மாற்றத்தையும் டேபிள்பேஸில் பார்க்காமல் செய்யாதீர்கள். பார்க்கும்போது நீங்கள் தோற்கும் நிலையை 50 நகர்வு விதியால் டிரா என்று அது குறித்தால், அதைத் தோல்வி என்றே படியுங்கள்.

8. முடிந்த பின்

முடிவு சர்வரில் ½ என்று ஏறியிருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். கோரிக்கை நிலுவையில் இருக்கும்போது கடிகாரம் யார் பக்கம் ஓடுகிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். சந்தேகமிருந்தால் போட்டி இயக்குநருக்குச் சர்வர் வழியாகவே எழுதுங்கள், தனி மின்னஞ்சலில் வேண்டாம். பதிவு இருக்க வேண்டும். ரேட்டிங் அன்றே மாறாது. குறிப்பிட்ட இடைவெளியில் பட்டியல் வரும்போதுதான் ஏறும்.

ஆட்டத்தை உங்கள் குறிப்புகளோடு டேட்டாபேஸில் சேமியுங்கள். அதே பிரிவில் உங்கள் மற்ற ஆட்டங்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். அவற்றில் ஒன்று பெர்லினில் இதே பாதையில் போய்க்கொண்டிருந்தால், அது முடியும் வரை குறிப்புகளை வெளியே யாரிடமும் காட்டாதீர்கள்.